இரண்டு கட்டிலில் தொடங்கிய சேவை
டாக்டர் சவுந்தரம் அம்மையாரின் வாழ்க்கை

கொடைக்கானலில் இருந்து மேற்கே சுமார் 35 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, மன்னவனூர்.

பூம்பாறையைத் தாண்டிப் போகவேண்டும். வழியெல்லாம் படிப்படியாக வெட்டிய வயல்கள். உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், வெள்ளைப்பூண்டு விளையும் பூமி. ஊரை ஒட்டி அழகான ஏரி இருக்கிறது. மத்திய சர்க்காரின் ஆட்டுப் பண்ணையும் இருக்கிறது. கம்பளி ரோமத்துக்காக உயர்ந்த ஜாதி ஆடுகளை வளர்க்கும் இந்தப் பண்ணை, 1965-ம் ஆண்டு ஏற்பட்டது.

பொழுது விடிந்தால் ஆணும் பெண்ணும் வயலுக்குப் போய்விடுவார்கள். மலையில் குளிர் அதிகம். மழைக் காலத்தில் மேகம் இறங்கிப் பாதையை மூடிவிடும். பச்சைக் குழந்தையை வயலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வீட்டில் விட்டுப் போகவும் முடியாது. கர்ப்பிணிக்குத் திடீர் என்று வலி கண்டால், மலைப்பாதை நெடுகப் போகவேண்டும்.

இப்படிப்பட்ட ஊர்களில் தாயும் சேயும் நம்பிப் போவதற்கு ஒரு இடம் வேண்டும். பிள்ளையை விட்டுப்போக, எடை பார்க்க, தடுப்பு ஊசி போட, கர்ப்பிணிக்குச் சத்துணவு கொடுக்க, நாலு நல்ல வார்த்தை சொல்ல ஒரு இடம். அதற்கு யார் பணம் கொடுப்பது? யார் நடத்துவது? சர்க்காரா, ஊராரா?

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளையே பதிலாகக் கொடுத்தவர் ஒரு பெண். அவர் பாடுபட்ட இடமும், மன்னவனூர் இருக்கும் அதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

அவர்தான் டாக்டர் சவுந்தரம் அம்மையார்.

செல்வர் வீட்டுப் பெண்

சவுந்தரம், 1904-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி பிறந்தார். தந்தை, டி.வி. சுந்தரம் அய்யங்கார். நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியைப் பூர்வீகமாகக் கொண்டவர். மதுரையில் 1911-ம் ஆண்டு மோட்டார் தொழில் தொடங்கி, தென்னாடு முழுவதும் பெயர் பெற்றவர்.

வீட்டில் எதற்கும் குறைவு இல்லை. ஆனால் அந்தக் கால வழக்கம், அந்த வீட்டையும் விடவில்லை. சவுந்தரத்துக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் நடந்தது.

கணவர் பெயரும் சவுந்தரராஜன்! அவர் ஒரு டாக்டர். முற்போக்கு எண்ணம் கொண்டவர்.

இடி விழுந்தது

அந்த நாளில் பிளேக் நோய் என்றாலே ஊர் நடுங்கும். ஒரு வீட்டில் எலி செத்து விழுந்தால், தெருவே காலி ஆகிவிடும். பெற்ற பிள்ளையை விட்டு ஓடியவர்களும் உண்டு.

டாக்டர் சவுந்தரராஜன் ஓடவில்லை. பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். அந்த நோய் அவரையே தொற்றிக்கொண்டது. அவர் இளம் வயதில் காலமானார்.

தான் இறந்தபின் மனைவி விதவைக் கோலத்தில் மூலையில் முடங்கக்கூடாது, படிக்கவேண்டும், மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம்.

அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. விதவைப் பெண் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போன காலம் அது. ஆனால் சவுந்தரத்தின் பெற்றோர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. படிக்க அனுப்பினார்கள்.

டெல்லியில் படிப்பு

டெல்லியில் லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்காகவே 1916-ம் ஆண்டில் ஏற்பட்ட கல்லூரி. அதில் சவுந்தரம் சேர்ந்தார்.

புது ஊர், புது மொழி. கூடப் படித்தவர்களோ வயதில் சிறியவர்கள். சவுந்தரம் சளைக்கவில்லை. 1936-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 32.

டெல்லியில் அவருக்கு ஒரு தோழி கிடைத்தார். அவர், சுசீலா நய்யார். பிற்காலத்தில் காந்தி அடிகளின் டாக்டராக இருந்தவர். மத்திய சுகாதார மந்திரியாகவும் ஆனவர். சுசீலாவின் மூலம் சவுந்தரத்துக்குக் காந்தி அடிகளின் அறிமுகம் கிடைத்தது.

அங்கேதான் இன்னொருவரையும் சந்தித்தார். அவர், ஜி. ராமச்சந்திரன். கேரளத்தில் பிறந்தவர். தாகூரின் சாந்திநிகேதனத்தில் படித்தவர். காந்தி அடிகளின் தொண்டர். தீண்டாமை ஒழிப்பு வேலையில் ஈடுபட்டிருந்தார்.

ஓராண்டுப் பிரிவு

இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள்.

வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. மாப்பிள்ளை வேறு ஜாதி. பேசும் மொழியும் வேறு. பெண்ணோ கணவனை இழந்தவள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம், பெற்றோருக்கு.

விஷயம் காந்தி அடிகளிடம் போயிற்று. அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வருட காலம் இருவரும் சந்திக்கக்கூடாது, கடிதமும் எழுதிக்கொள்ளக்கூடாது. அதன்பின்பும் மனம் மாறாமல் இருந்தால், கல்யாணத்துக்குத் தாமே ஏற்பாடு செய்வதாக வாக்களித்தார்.

ஒரு வருடம் கழிந்தது. இருவர் மனமும் மாறவில்லை!

1940-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, சேவாகிராமத்தில் காந்தி அடிகள், கஸ்தூரிபா முன்னிலையில் கல்யாணம் நடந்தது. அன்றுமுதல் அவர், சவுந்தரம் ராமச்சந்திரன் ஆனார்.

இரண்டு ஆண்டுகளில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்தது. கணவனும் மனைவியும் அதில் ஈடுபட்டார்கள்.

ஏழைகள் கொடுத்த காசு

1944-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி, பூனா ஆகாகான் மாளிகையில் கைதியாக இருந்தபடியே கஸ்தூரிபா காலமானார்.

அவர் நினைவாக நிதி திரட்டினார்கள். நாட்டு மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். ஒரு கோடி ரூபாய்க்குமேல் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஒரு கோடி என்பது எவ்வளவு பெரிய தொகை! பணக்காரர்கள் மட்டும் கொடுத்தது அல்ல; கூலிக்காரர்கள் கொடுத்த காலணாவும் அரையணாவும் அதில் இருந்தன.

இந்தப் பணத்தை என்ன செய்வது? சிலை வைக்கலாம், மண்டபம் கட்டலாம். காந்தி அடிகள் அப்படிச் செய்யவில்லை. இந்தப் பணம் முழுவதும் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் செலவாக வேண்டும் என்று முடிவு செய்தார். கஸ்தூரிபா அறநிலையம் ஏற்பட்டது.

தமிழ்நாட்டில் அந்த வேலையைக் கவனிக்கும் பொறுப்பு, டாக்டர் சவுந்தரத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

அறநிலையத்தின் வேலை முறை எளிமையானது. கிராமத்துப் பெண்களில் சிலரைப் பொறுக்கி எடுப்பார்கள். பிரசவம் பார்க்க, குழந்தைகளைக் கவனிக்க, நூல் நூற்க, எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி தருவார்கள். பயிற்சி பெற்ற பெண் ஒரு கிராமத்துக்குப் போய், அங்கேயே தங்குவாள். அவள் இருக்கும் இடமே சேவை நிலையம். கட்டிடம் பிறகு, ஆள்தான் முதலில்!

இரண்டு கட்டில்

திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குப் போகும் வழியில், சின்னாளபட்டி என்று ஒரு ஊர். தறிச் சத்தம் ஓயாத ஊர். சேலைக்குப் பெயர் போன ஊர். ஒரு பக்கம் சிறுமலை. இன்னொரு பக்கம், தூரத்தில் பழனி மலைத்தொடர்.

1947-ம் ஆண்டு, அந்த ஊரில் தாய் சேய் நல விடுதி ஒன்றை டாக்டர் சவுந்தரம் தொடங்கினார்.

அதில் எத்தனை கட்டில் தெரியுமா? இரண்டே இரண்டு!

செல்வர் வீட்டு மகள், டெல்லியில் படித்த டாக்டர், பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி வைத்திருக்கலாம். கை நிறையச் சம்பாதித்து இருக்கலாம். அவர் நெசவாளர் வீடுகளுக்கு நடுவே இரண்டு கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் என்ற ஸ்தாபனம் உதயம் ஆயிற்று. நாடு விடுதலை அடைந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊரார் நிலம் கொடுத்தார்கள். ராமச்சந்திரனும் சவுந்தரமும் அதில் குடியேறினார்கள்.

பள்ளிக்கூடம் வந்தது. கிராம சேவிகைகளுக்குப் பயிற்சி நிலையம் வந்தது. கதர் வேலை வந்தது. மருந்து செய்யும் பகுதி வந்தது. ஆதரவு இல்லாத பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லம் வந்தது. இரண்டு கட்டில் விடுதி, கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. பெற்றவர்கள் கைவிட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்து, பிள்ளை இல்லாத தம்பதிகளுக்குச் சட்டப்படி தத்துக் கொடுக்கும் வேலையும் நடந்தது.

இவ்வளவும் ஒருவர் இருவர் பணத்தில் நடக்குமா? நடக்காது. நன்கொடை ஒருநாள் வரும், ஒருநாள் வராது. ஆனால் பிரசவ வலி தேதி பார்த்து வராது. நர்சுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்கவேண்டும். குழந்தைக்குத் தினமும் பால் வேண்டும்.

எனவே சர்க்காரின் உதவி தேவைப்பட்டது.

கதவு திறந்தது

வெள்ளைக்காரன் காலத்தில் சமூக சேவை என்பது தர்மவான்களின் வேலை. சர்க்கார் ஏதாவது கொடுத்தால், அது இனாம். சுதந்திரத்துக்குப் பின் இந்த எண்ணம் மாறியது.

மாற்றியவர்களில் முக்கியமானவர், துர்காபாய் தேஷ்முக். ஆந்திரத்தில் பிறந்த வீரப்பெண்மணி. சென்னையில் ஆந்திர மகிள சபையைத் தோற்றுவித்தவர். முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தில், சேவை ஸ்தாபனங்களுக்கு என்று 4 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதற்காக, 1953-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மத்திய சமூக நல வாரியம் ஏற்பட்டது. துர்காபாய் அதன் தலைவர் ஆனார். சென்னை ராஜ்யத்தின் சமூக நல வாரியத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தலைவராக இருந்தார்.

1954-ம் ஆண்டு, கிராமங்களுக்காக ஒரு திட்டம் வந்தது. சுமார் 25 கிராமங்களைச் சேர்த்து ஒரு வட்டாரம். அதில் 5 நிலையங்கள். நிலையத்தில் கிராம சேவிகை இருப்பாள், மருத்துவச்சி இருப்பாள், கைத்தொழில் சொல்லிக்கொடுப்பவள் இருப்பாள். குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி. தாய்மார்களுக்குப் பிரசவ உதவி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து. எல்லாம் ஒரே கூரையின்கீழ்!

ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லா உதவியும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் கருத்து. பிள்ளைக்கு ஒரு ஆபீசு, தாய்க்கு ஒரு ஆபீசு என்று அலைய முடியாது அல்லவா?

மானியத்துக்கு ஒரு விதி இருந்தது. செலவு முழுவதையும் சர்க்கார் கொடுக்காது. ஒரு பகுதியை ஊராரும் ஸ்தாபனமும் போடவேண்டும். பணமாகக் கொடுக்கலாம், இடமாகக் கொடுக்கலாம், உழைப்பாகவும் கொடுக்கலாம்.

இந்த விதி நல்லதா, கெட்டதா? இரண்டும் உண்டு. ஊரார் தங்கள் பங்கைப் போட்டால், இது நம் வீடு என்ற எண்ணம் வரும். ஆனால் பங்கு போடச் சக்தி இல்லாத ஊர்தான் பெரும்பாலும் உதவி அதிகம் தேவைப்படும் ஊர்! பட்டணத்துச் சங்கம் எளிதில் பணம் திரட்டிவிடும். மலை உச்சியில் உள்ள ஊர் என்ன செய்யும்?

சில ஆண்டுகளில் இந்த நிலையங்கள் பலவற்றை உள்ளூர் மாதர் சங்கங்களிடம் ஒப்படைத்தார்கள். சங்கம் வலுவாக இருந்த இடத்தில் நிலையம் நின்றது. மற்ற இடங்களில் தள்ளாடியது.

காந்திகிராமம் தள்ளாடவில்லை. காரணம், மானியம் வருவதற்கு முன்பே அங்கே வேலை தொடங்கிவிட்டது. ஊரார் கொடுத்த நிலமும், பயிற்சி பெற்ற பெண்களும், தாய்மார்களின் நம்பிக்கையும் முதலில் இருந்தன. சர்க்கார் பணம் அதற்குப் பின்பு வந்தது. வேர் இருந்தது, தண்ணீர் ஊற்றியதும் மரம் வளர்ந்தது!

1956-ம் ஆண்டு, மத்திய சர்க்காரின் ஆதரவில் காந்திகிராமத்தில் கிராமியக் கல்வி நிலையம் ஏற்பட்டது. அதுவே 1976-ம் ஆண்டு பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது.

ஆத்தூர் சோதனை

பழனி மலையின் அடிவாரத்தில் ஆத்தூர் வட்டாரம் இருக்கிறது. சின்னாளபட்டியும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே.

1959-ம் ஆண்டு, அந்த வட்டாரத்தில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. மத்திய சர்க்கார், ராஜ்ய சர்க்கார், அமெரிக்காவின் போர்டு அறநிலையம், காந்திகிராமம் நான்கும் சேர்ந்து நடத்திய சுகாதார சோதனை அது. கிராம மக்களின் ஆரோக்கியத்தை உயர்த்தச் சிறந்த வழி எது என்று கண்டுபிடிப்பதே நோக்கம்.

ஒரு மருத்துவச்சி எத்தனை ஜனங்களைச் சரியாகக் கவனிக்க முடியும்? வாரம் எத்தனை வீடு போகவேண்டும்? யார் சொன்னால் ஊர் கேட்கும்? இதையெல்லாம் கணக்கு எடுத்தார்கள்.

டாக்டர் சொன்னால் கேட்காத ஊர், தங்கள் ஊர்ப் பெரியவர் சொன்னால் கேட்டது! தாய்மார்கள், பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டார்கள். எனவே ஊரில் செல்வாக்கு உள்ளவர்களைப் பிடித்து, அவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள்.

குடும்பக் கட்டுப்பாடும் இந்த வேலையில் ஒரு பகுதி ஆயிற்று. பத்து ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் பிறப்பு விகிதம் நன்றாகக் குறைந்தது. மற்ற நாட்டு நிபுணர்களும் ஆத்தூரைப் பற்றிப் பேசினார்கள். 1964-ம் ஆண்டு, இந்த வேலைக்கென்றே காந்திகிராமத்தில் ஒரு தனி ஸ்தாபனம் ஏற்பட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பிற்காலத்தில், 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை இருந்தபோது, வடநாட்டில் பல இடங்களில் கட்டாயக் கருத்தடை நடந்தது. எண்ணிக்கை காட்டவேண்டும் என்று அதிகாரிகளை விரட்டினார்கள். அதிகாரிகள் ஜனங்களை விரட்டினார்கள். ஜனங்கள் ஆஸ்பத்திரியைக் கண்டாலே ஓடினார்கள்! எடுத்துச் சொல்லி இணங்க வைப்பது ஒரு வழி. அதட்டி இழுப்பது இன்னொரு வழி. பணம் இரண்டுக்கும் ஒன்றுதான். பலன்தான் வேறு.

கேட்டவரே கொடுப்பவர் ஆனார்

இதற்கிடையே சவுந்தரம் அம்மையார் அரசியலிலும் இருந்தார். காங்கிரஸ் சார்பில் இருமுறை சென்னை சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1962-ம் ஆண்டு, திண்டுக்கல் தொகுதியில் இருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மத்திய கல்வி உபமந்திரி ஆனார். அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் அவருக்குக் கிடைத்தது.

மானியம் கேட்டு மனு எழுதிக்கொண்டு இருந்தவர், மனுவைப் பார்த்து உத்தரவு போடும் இடத்தில் உட்கார்ந்தார். ஒரு காகிதம் மேஜைக்கு மேஜை நகர எத்தனை நாள் ஆகும் என்பது, இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்த அவருக்குத் தெரியாதா?

ஆரம்பக் கல்வி எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காக அவர் பாடுபட்டார். காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, 1956-ம் ஆண்டு, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு தொடங்கியது. சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கூடம் வரும் என்று தமிழ்நாடு காட்டிவிட்டது. ஆனால் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்னால், முதல் ஐந்து வருடம், பிள்ளையைக் கவனிப்பது யார்? அந்தக் கேள்வி அப்போதும் பாக்கி இருந்தது.

தோல்வியும் வேலையும்

1967-ம் ஆண்டு தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க. அலை அடித்தது. சவுந்தரம் அம்மையார் திண்டுக்கல்லில் தோற்றார். காமராஜரே விருதுநகரில் தோற்ற தேர்தல் அது!

பதவி போனால் சிலருக்கு உலகமே போய்விடும். சவுந்தரம் அம்மையாருக்குப் போவதற்கு ஒரு இடம் இருந்தது. டெல்லி போகும்போது காந்திகிராமத்தை அவர் விற்றுவிட்டுப் போகவில்லை. அங்கே பிரசவங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. கைவிடப்பட்ட குழந்தைகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர் திரும்பி வந்து வேலையைப் பார்த்தார்.

ஊர்தோறும் ஒரு அங்கன்வாடி

1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, மத்திய சர்க்கார் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியது. முதலில் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் மட்டும் நடந்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் என்பது அதன் பெயர். ஜனங்கள் வாயில் நிற்கும் பெயர், அங்கன்வாடி!

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் உதவி. சத்துணவு, தடுப்பு ஊசி, உடல் பரிசோதனை, பாலர் கல்வி, தாய்மார்களுக்கு ஆரோக்கியப் பாடம். சின்னாளபட்டியிலும் 5 நிலையத் திட்டத்திலும் செய்த வேலைகள்தான். ஆனால் இப்போது தனிச் சங்கம் மனு போட்டுக் கேட்கவேண்டியது இல்லை. சர்க்காரே பொறுப்பு எடுத்துக்கொண்டது.

1980-ம் ஆண்டு, உலக வங்கியின் கடன் உதவியுடன் தமிழ்நாட்டில் ஒரு சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதுவும் மதுரை மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. மாதாமாதம் குழந்தையைத் தராசில் வைத்து எடை பார்ப்பார்கள். எடை கூடாத குழந்தைக்கு மட்டும் விசேஷ உணவு கொடுப்பார்கள். 1982-ம் ஆண்டு ஜூலை மாதம், எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. குழந்தைகள் மையங்கள் பெருகின.

இவற்றையெல்லாம் கண்ணால் கண்டபின், 1984-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, டாக்டர் சவுந்தரம் அம்மையார் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

2005-ம் ஆண்டு, இந்திய சர்க்கார் அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

கணக்குப் புத்தகமும் கைப்பிள்ளையும்

அவர் மறைந்த மறு ஆண்டு, 1985-ல், மதுரை மாவட்டத்தைப் பிரித்துத் திண்டுக்கல் மாவட்டம் அமைத்தார்கள். காந்திகிராமமும் ஆத்தூரும் கொடைக்கானலும் மன்னவனூரும் ஒரே மாவட்டத்தில் சேர்ந்தன.

துர்காபாய் தொடங்கிய சமூக நல வாரியம், சுமார் 70 ஆண்டுகள் நடந்தது. 2022-ம் ஆண்டில் மாநில வாரியங்களை மூடினார்கள். சங்கங்களுக்கு மானியம் கொடுத்த அந்த வழி அடைபட்டது. ஆனால் அங்கன்வாடி நிற்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன. மையம் நடத்தும் செலவில், 100 ரூபாய்க்கு 60 ரூபாய் மத்திய சர்க்காரும், 40 ரூபாய் மாநில சர்க்காரும் கொடுக்கின்றன. சத்துணவுச் செலவில் இரண்டும் பாதிப் பாதி.

சமவெளியில் 400 முதல் 800 பேர் உள்ள இடத்துக்கு ஒரு அங்கன்வாடி என்பது கணக்கு. மலையில் வீடுகள் சிதறிக் கிடக்கும். ஆகையால் மலைப் பகுதியில் 300 பேர் இருந்தாலே ஒரு மையம் வைக்கலாம். 150 பேர் உள்ள குக்கிராமத்துக்குச் சிறிய மையம் உண்டு. பங்கு போடச் சக்தி இல்லாத ஊர் என்ன செய்யும் என்ற பழைய கேள்விக்கு, இந்த விதி ஒரு பதில்.

ஆனால் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த மையத்தில் தினமும் கதவைத் திறக்கும் பெண்ணுக்கு என்ன கொடுக்கிறோம்? 2018-ம் ஆண்டு அக்டோபரில், அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய திட்டத்தின் கணக்கில் மாதம் 3 ஆயிரமாக இருந்த தொகை, 4,500 ரூபாயாக உயர்ந்தது. உதவியாளருக்கு 1,500 ரூபாய், 2,250 ஆயிற்று. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் இதற்குமேல் தாங்களும் சேர்த்துக் கொடுக்கின்றன. அப்படியும் மத்திய கணக்கில் அதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை. மதிப்பு ஊதியம் என்று பெயர்!

ஒரு குழந்தையின் எடையைப் பார்ப்பவள் அவள். கர்ப்பிணியின் முகம் வெளுத்து இருப்பதை முதலில் காண்பவளும் அவள்தான். மழையிலும் பனியிலும் மேட்டு வீட்டுக்கு ஏறிப்போய், ஏன் பிள்ளை இரண்டு நாளாக வரவில்லை என்று கேட்பவள் அவள். கட்டிடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். புதுத் தராசு வாங்கலாம். அவள் மனம் சோர்ந்தால், கதவு திறந்து இருந்தும் மையம் மூடியதற்குச் சமம்.

கட்டிடம் பிறகு, ஆள்தான் முதலில் என்று கஸ்தூரிபா சேவிகைகளை அனுப்பிய காலத்துப் பாடம் இது. சவுந்தரம் அம்மையாரின் 80 ஆண்டு வாழ்க்கையும் அதையே சொல்கிறது. ஏழைகள் கொடுத்த காசில் தொடங்கினார். ஊரார் நிலம் கொடுத்தார்கள். பிறகு சர்க்கார் கை கொடுத்தது. மூன்றில் எது இல்லாமல் போயிருந்தாலும், அந்த இரண்டு கட்டில் இரண்டு கட்டிலாகவே இருந்திருக்கும்.

மன்னவனூர் மலையில் காலைப் பனி விலகும்போது தாய்மார்கள் வயலுக்குக் கிளம்புகிறார்கள். இதுபோன்ற ஊர்களில், இடுப்பில் இருக்கும் பிள்ளையை நம்பி இறக்கிவிட்டுப் போக ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலுக்குச் சர்க்கார் பணம் கொடுக்கலாம். வாசலில் நின்று பிள்ளையைக் கை நீட்டி வாங்குவதற்கு ஒரு பெண் வேண்டும். அவளைத் தாங்கிப்பிடிக்க ஒரு ஊர் வேண்டும்.